நாற்பது இலைப் பந்தி

சிங்கம் அரியணை ஏறிய நாளில் ஆலமரத்தடியில் விருந்து வைத்தது. நாற்பது இலை போட்டார்கள். மானும் புலியும், ஆடும் ஓநாயும் ஒரே வரிசையில் உட்கார்ந்தன.

"ஆலமரத்து நிழல் அந்தப் பாறையைத் தொடும்வரை யாரும் பக்கத்து இலைக்காரரைத் தின்னக்கூடாது," என்றது சிங்கம். "அதற்குள் எல்லா இலையிலும் சாப்பாடு விழுந்துவிட வேண்டும். அப்புறம் நான் பொறுப்பில்லை. பசி வந்தால் பத்தும் பறந்து போகும். பத்தோடு பதினொன்றாக என் கட்டளையும் போகும்."

வாளி தூக்கக் குரங்குகள் இருந்தன. எந்த இலையில் எதை வைப்பது என்று சொல்லும் பொறுப்பு மூவரியன் என்ற அணிலுக்கு வந்தது. அந்தக் காட்டில் மூவரியனைவிட வேகமாக ஓட ஆளில்லை. இதை மூவரியனே பலமுறை சொல்லியிருக்கிறது.

யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பது குன்றுக்கு அந்தப் பக்கம் குளத்தில் இருந்த ஆமைக்குத்தான் தெரியும். கேட்டதற்குப் பதில் சொல்லும். கேட்காததைச் சொல்லாது.

மூவரியன் குன்றேறி இறங்கியது. "ஐயா, முதல் இலையில மான். என்ன வைக்கலாம்?"

"புல்."

திரும்பி ஓடி வந்து புல் வைக்கச் சொன்னது. இரண்டாவது இலையிலும் மான். மறுபடி குன்றேறி இறங்கியது.

"இரண்டாவது மானுக்கு?"

"புல்."

மூன்றாவது மானுக்கும் புல்தான். ஏழாவது மானுக்கு மட்டும், "பல்வலி. இளந்தளிர்," என்றது ஆமை. நல்லவேளை கேட்டோம் என்று மூவரியன் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டது. எட்டாவது மானுக்காக மறுபடி ஓடியது.

பந்தியே வாயைப் பிளந்து பார்த்தது. "அண்ணனுக்கு இருப்பது காலா, காற்றா!" என்று எல்லோரையும்விட உரக்கப் பாராட்டியது காட்டுப்பூனை. அது முப்பத்தொன்பதாவது இலையில் இருந்தது. நாற்பதாவது இலையில் மூவரியனின் மனைவி கொன்றை இருந்தது.

பதின்மூன்று இலை முடிந்ததும் கொன்றை கணவனைக் கூப்பிட்டது. "என்னங்க, இன்னும் இருபத்தேழு இலை இருக்கு. எல்லாருக்கும் சேர்த்து ஒரே நடையில கேட்டுட்டு வந்தா என்ன?"

"என்னால ஓட முடியாதுன்னு நினைச்சியா?"

"உங்களால முடியும். நிழலும் ஓடுதுங்க."

"அண்ணி சும்மா பயப்படுறாங்க," என்றது பூனை. "நீங்க ஓடுங்கண்ணே. பார்க்கவே அழகா இருக்கு." சொல்லிக்கொண்டே தன் இலையைக் கொன்றையின் பக்கமாக நான்கு விரல் நகர்த்தியது.

மூவரியன் அந்த நான்கு விரலைப் பார்த்தது. பிறகு நிழலைப் பார்த்தது. பாறைக்கு இன்னும் இரண்டு சாண்தான் பாக்கி. நடைக்கு அரைச் சாண் போகிறது. ஆக, மிச்சம் நாலு நடை. இலையோ இருபத்தேழு.

ஒரு தேக்கிலையையும் முள்ளையும் வாயில் கவ்விக்கொண்டு பறந்தது. "ஐயா, இருபத்தேழு பேரையும் வரிசையா சொல்றேன். எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிடுங்க."

ஆமை மூச்சு விடாமல் சொல்லி முடித்தது. மூவரியன் முள்ளால் இலையில் குறித்துக்கொண்டது.

"மொத்தமா சொல்வீங்கன்னு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ கேட்கலையே," என்றது ஆமை.

மூவரியன் திரும்பி வந்து தேக்கிலையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, குரங்குகள் புல் வாளியோடு வரிசையை ஒருமுறை சுற்றின. பழக்கூடையோடு ஒருமுறை, மீன் சட்டியோடு ஒருமுறை. பூனையின் இலையில் மீன் விழுந்தது. கொன்றையின் இலையில் அத்திப்பழம் இருந்தது. நிழல் பாறையைத் தொட்டது.

மூவரியன் பூனைக்கும் மனைவிக்கும் நடுவில் இருந்த சின்ன இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

பூனை மீனை முகர்ந்து பார்த்துப் பெருமூச்சு விட்டது. "நல்லாத்தானே ஓடிட்டிருந்தீங்க அண்ணே. ஏன் நிறுத்திட்டீங்க?"

ஒரே நடையில் கேட்டு வர வேண்டியதை ஆளுக்கொரு நடையாக ஓடிக் கேட்பது சுறுசுறுப்பு ஆகாது. அந்த ஓட்டத்தைப் புகழ்கிறவருக்குப் பசிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.