புலிக்கு உறை கொடுத்தவள்

அந்தக் காலத்தில் புலி நடந்தால் காடு முழுவதற்கும் கேட்கும். அதன் நகங்கள் எப்போதும் வெளியே நீட்டியபடியே இருந்தன. பாறையில் கால் வைத்தால் கடக் கடக் என்று சத்தம் வரும். வேரில் வைத்தால் நகம் சிக்கிக்கொள்ளும். அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் மான் அடுத்த மேட்டுக்குப் போய்விடும். மரத்தின் மேலிருந்து குரங்குகள், "என்ன தாத்தா, இன்றைக்கும் புல்தானா?" என்று கேட்டுச் சிரிக்கும். மனிதர்களும் மிருகங்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அதனால் அந்தக் கேலி புலிக்கு நன்றாகவே புரிந்தது.

சுமத்ரா தீவின் மேற்கு மலைகளில் புலியை எல்லோருமே தாத்தா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வராது.

அந்த மலையில் வயல்கள் பெண்களுக்குச் சொந்தம். அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். அதைக் காவல் காப்பது தாய்மாமனின் வேலை. செண்டானா என்ற பெண்ணுக்கு மலைச்சரிவில் படிக்கட்டு போல வெட்டிய நான்கு படி வயல் இருந்தது. அவளுடைய மாமன் லேலோ அந்த வட்டாரத்திலேயே பேர்பெற்ற கத்திக்காரர். கை நீளத்துக்கு நேரான கத்தி வைத்திருந்தார். எருமைத்தோலில் தைத்து, தேன்மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்கிய உறை அதற்கு. கத்தியைவிட உறையைத்தான் அவர் அதிகம் துடைப்பார்.

நெல் முற்றத் தொடங்கிய சமயத்தில் ஒரு காட்டுப்பன்றி வயலில் இறங்கியது. பனி விலகாத காலை. லேலோ வரப்பின் நடுவில் நின்று, கத்தியை முன்னால் நீட்டிப் பிடித்தார். பன்றி தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடி வந்தது. நீட்டிய கைக்கு அடியில் நுழைந்துவிட்டது. அவ்வளவு நெருக்கத்தில் நீளக் கத்தியைத் திருப்ப முடியவில்லை. அது பன்றியின் தோளில் மோதி, ஈரக் கையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது. கோரைப்பல் அவர் தொடையைக் கிழித்தது.

உயிர் பிழைத்தார். ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை. அதற்குள் பன்றி இரண்டு படி வயலைத் தின்று தீர்த்திருந்தது.

"அறுப்புக்கு இன்னும் எத்தனை நாள்?" என்று படுக்கையிலிருந்தபடி கேட்டார்.

"பன்னிரண்டு, மாமா."

"மிச்சமும் போனால் விதைக்குக்கூட மிஞ்சாது. வயலை விட்டுவிட்டு வேறு ஊரில் போய்க் கூலிக்கு நிற்க வேண்டியதுதான்."

செண்டானா தன் இடுப்பிலிருந்த சின்ன வளைகத்தியைத் தொட்டுப் பார்த்தாள். பிரம்பு வெட்டுகிற கத்தி. லேலோ அதைக் கவனித்துவிட்டார்.

"அதை வைத்து என்னம்மா செய்யப் போகிறாய்? பன்றிக்கு முகம் மழிக்கப் போகிறாயா?"

அதிகம் பேசுகிற பெண் இல்லை அவள். எதையும் நின்று பார்ப்பாள்.

மறுநாள் ஓடைக்கரைக்குப் பிரம்பு வெட்டப் போனபோது, புலி ஒரு பாறையில் உட்கார்ந்து ஒடிந்த நகம் ஒன்றை நக்கிக்கொண்டிருந்தது. விலா எலும்புகள் தெரிந்தன.

"வயிறு ஒட்டிப்போயிருக்கிறதே, தாத்தா."

"அக்கறையா, கேலியா?"

"இரண்டும் இல்லை. என் வயலில் ஒரு பன்றி மேய்கிறது."

"தெரியும். மூன்று முறை போனேன். நான் ஓடையைத் தாண்டும்போதே அதற்குக் கேட்டுவிடுகிறது. போகிற போக்கில் 'வருகிறேன் தாத்தா' என்று வேறு சொல்லிவிட்டுப் போகிறது. என்ன திமிர்!" புலி கோபத்தில் பக்கத்திலிருந்த கட்டையைப் பிறாண்டியது.

செண்டானா அந்தப் பாதத்தையே பார்த்தாள். புலி குத்தவில்லை. கொக்கி போல மாட்டித் தன் பக்கம் இழுத்தது. நகம் விரலுக்குள்ளிருந்து கிளம்பிக் கீழ்நோக்கி வளைந்திருந்தது.

"தாத்தா, உங்கள் நகம் எப்போதாவது நழுவி விழுந்திருக்கிறதா?"

"நல்ல கேள்வி! விரலோடு இருப்பது எப்படி விழும்?" என்ற புலி, அவள் இடுப்பைப் பார்த்தது. "அது இருக்கட்டும். உன் கத்தி மட்டும் எப்படிச் சத்தமில்லாமல் கூடவே வருகிறது?"

"அது உறைக்குள் இருக்கிறது."

புலி தன் நகங்களைப் பார்த்தது, அவள் தன் கத்தியைப் பார்த்தாள்.

"என் நகத்துக்கும் உறை தைத்துக் கொடு. பன்றி எனக்கு, வயல் உனக்கு. சரியா?" என்றது புலி.

"சரி."

அவளுடைய உறையைத் துண்டு போட்டபோது நான்கு நகத்துக்குத்தான் வந்தது. புலிக்குப் பதினெட்டு நகம். வீட்டுக்குப் போனாள். மாமா தூங்கிக்கொண்டிருந்தார். சுவரில் தொங்கிய அவருடைய உறையை எடுத்தாள். அதன் பளபளப்பில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. கேட்டால் தரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை.

ஓடைக்கரைக்குத் திரும்பி, பிரம்பு நாரால் ஒவ்வொரு நகத்துக்கும் ஓர் உறை தைத்தாள். "கூசுகிறது, மெதுவாக!" என்று புலி நெளிந்தது. அன்று பெய்த மழையில் தோல் சுருங்கி, பாதத்தின் சதையோடு ஒட்டிக்கொண்டது. புலி நகத்தை உள்ளே இழுத்தது, வெளியே நீட்டியது, மறுபடியும் உள்ளே இழுத்தது. பாறையில் இறங்கி நடந்தது. சத்தமே இல்லை. மரத்தின் மேல் குரங்குகள் பேச்சை நிறுத்தின.

செண்டானா கொல்லரிடம் போய்த் தன் கத்தியின் பிடி முனையில் ஒரு வளையம் வைக்கச் சொன்னாள். ஆள்காட்டி விரலை அதில் நுழைத்து, கத்தியைத் தலைகீழாகப் பிடித்தாள். சுண்டுவிரல் பக்கம் அலகு இறங்கி, நகம் போல வளைந்து நின்றது. கத்தியை வைக்க இனி உறை கிடையாது. அதனால் மணிக்கட்டைத் திருப்பி, அலகை முன்கையின் உட்புறமாகச் சாய்த்து மறைத்துக்கொண்டாள். அவளுடைய கையே அதற்கு உறையாகிவிட்டது.

மூன்றாம் நாள் காலை பன்றி வந்தது. வரப்பில் வெறுங்கையோடு நிற்பது போல ஒரு பெண். அது தலையைத் தாழ்த்தி ஓடி வந்தது. செண்டானா பின்வாங்கவில்லை. கோரைப்பல்லுக்கு எட்டாதபடி பக்கவாட்டில் ஓரடி, அதன் தோளை ஒட்டி, உள்ளே நுழைந்தாள். பன்றி அவளை இடித்த வேகத்தில் கைவிரல்கள் விரிந்துவிட்டன. மாமாவின் கத்தி விழுந்த அதே நொடி. இந்தக் கத்தி விழவில்லை. வளையத்தில் சுழன்று மீண்டும் உள்ளங்கைக்கே வந்தது. அவள் அதை மாட்டித் தன் பக்கம் இழுத்தாள்.

பன்றி அலறிக்கொண்டு காட்டுப் பக்கம் திரும்பியது. வழக்கம்போலக் காதை நிமிர்த்திக் கேட்டது. கடக் கடக் சத்தம் இல்லை. நிம்மதியாகப் புதருக்குள் நுழைந்தது. அதற்குப் பிறகு அது வெளியே வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் கதிர் அறுத்தார்கள். கம்பை ஊன்றி வரப்பு வரை வந்த லேலோ, "எல்லாம் சரி, என் உறை எங்கே?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ காட்டுப் பக்கம் திரும்பினார்.

"உறை போகட்டும், பெண்ணே. இனி தாத்தா வந்தால் நமக்கும் கேட்காதே. அதை யோசித்தாயா?"

அவள் யோசிக்கவில்லை. கையிலிருந்த கதிர்க்கட்டு கனத்தது.

அடுத்த வாரம் பிரம்புக் கட்டோடு ஒற்றையடிப் பாதையில் வந்துகொண்டிருந்தாள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். எதுவும் கேட்கவில்லை. கழுத்தில் சூடாக ஒரு மூச்சு மட்டும் பட்டது. திரும்பினாள். கைக்கு எட்டும் தூரத்தில் புலி நின்றது. அவள் விரல் ஏற்கெனவே வளையத்துக்குள் இருந்தது.

"உன் கை வெறுங்கை போல இருக்கிறதே, பேத்தி."

"உங்கள் பாதமும் பஞ்சு போல இருக்கிறதே, தாத்தா."

புலி அவள் மணிக்கட்டைப் பார்த்தது. அவள் புலியின் விரல்களைப் பார்த்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று இருவருக்குமே தெரியும். புலிக்கு உறை தைத்தவள் அவள். அவள் கத்தியைப் பிடிக்கும் விதமோ புலியின் நகத்தைப் பார்த்துக் கற்றது.

சற்று நேரம் கழித்துப் புலி மலைப்பக்கமாக ஒதுங்கி வழி விட்டது. செண்டானா முதுகைக் காட்டாமல், பக்கவாட்டாக அடி வைத்துக் கடந்தாள். கடந்த பிறகு, பன்றி சொன்ன அதே வார்த்தையை, ஆனால் தலை தாழ்த்தி, "வருகிறேன், தாத்தா" என்றாள்.

புலி நகத்தை உள்ளே ஒடுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் நடப்பதும், அந்த மலைக்காரர்கள் கெரம்பிட் என்னும் வளைகத்தியின் வளையத்தில் விரலை நுழைத்துத் தலைகீழாக மறைத்துப் பிடிப்பதும் அன்று முதல்தான்; காட்டுக்குள் கால் வைக்கும் முன் தலை தாழ்த்தி "தாத்தா, வருகிறோம்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவதும் அன்று முதல்தான்.