துண்டாக மாறிய முந்தானை

ஒரு கதைக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கோயம்புத்தூரில் நடந்த இந்த வழக்கை முழுக்கக் கேட்டுவிட்டு, பிறகு வாயைத் திறங்கள்.

நித்திலாவின் தொழில் இணையதளம் வடிவமைப்பது. கடை, கம்பெனி என்று யார் வந்தாலும் செய்து தருபவள் அல்ல. தனி ஆளாக இருந்து பயிற்சியும் ஆலோசனையும் தருகிறவர்களுக்கு மட்டும்தான் செய்வாள். அதிலும் ஒரு பிடிவாதம் உண்டு. பட்டம், அனுபவம் எல்லாம் பக்கத்தின் அடியில்தான் போகும். முகப்பில் அந்த ஆள் விழுந்து எழுந்த கதை ஒன்று இருந்தே ஆக வேண்டும். "நீங்க எங்கே அடிபட்டீங்கன்னு தெரிஞ்சாத்தான், அடிபட்டவங்க உங்களைத் தேடி வருவாங்க" என்பாள். கதை இல்லாதவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அவளிடம் வந்து சேர்ந்தார் சென்னியப்பன். மேடைக் கூச்சம் உள்ளவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய ஒரே குறை, அவருக்கு அந்தக் கூச்சமே கிடையாது என்பதுதான். பள்ளிக்கூடத்தில் திறந்த வாய், எந்த மேடையிலும் அடைத்ததில்லை. "ஒரு தடவை கூடத் தடுமாறலீங்களா?" என்று நித்திலா கேட்பாள். அவர் உதட்டைப் பிதுக்குவார். இவளும் விடுகிற ஆள் இல்லை. போன் போட்டும் கேட்டாள், நேரில் வந்தபோதும் குடைந்தாள். கடைசியில் ஒருநாள் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

பிள்ளையின் பள்ளி ஆண்டு விழா. பெற்றோர் சார்பில் வரவேற்புரை. மைக்கைப் பிடித்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது, சிறப்பு விருந்தினர் பெயரே மறந்துவிட்டது, முன்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். "முந்தானையை வெரல்ல சுத்திக்கிட்டே எறங்கி, செருப்பைக்கூட மாட்டாம வீட்டுக்கு நடந்து வந்தாச்சுங்க" என்று முடித்தார்.

முந்தானை என்ற சொல் நித்திலாவின் காதில் விழாமல் இல்லை. சென்னியப்பன் பேன்ட் சட்டைக்காரர். கேட்டிருக்கலாம்; கேள்வி வாய்வரை வந்தது. ஆனால் இத்தனை நாள் தேடிய கதை இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது, கேட்டால் கலைந்துவிடும். வாய் தவறி வந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். எழுதும்போது அதைத் துண்டு என்று மாற்றினாள். அன்றைக்கு அவர் வேட்டி கட்டித் தோளில் துண்டு போட்டிருந்தார் என்று ஒரு வரியையும் கூடச் சேர்த்தாள். சென்னியப்பன் அதை நிதானமாகப் படித்துப் பார்த்தார். "சரிங்க" என்று மட்டும் சொன்னார்.

கதை நன்றாகவே வேலை செய்தது. ஆட்கள் தேடி வந்தார்கள். நித்திலாவும் தன் முதுகில் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டாள்.

வகுப்பைப் படமெடுத்துத் தளத்தில் போடலாம் என்று ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனாள். புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்தும், மாணவர்கள் முன்னால் நிற்க முடியாமல் வேலையையே விட்டுவிடலாமா என்று தவித்துக்கொண்டிருந்தவள்.

"உங்க கதையைப் படிச்சுட்டு அழுதுட்டேன் சார். அன்னைக்கு அப்படி வீட்டுக்கு வந்தீங்களே, அப்புறம் எப்படி மறுபடி பேச ஆரம்பிச்சீங்க? அதை மட்டும் சொல்லுங்க. நானும் அப்படியே செய்யறேன்."

சென்னியப்பனுக்கு வாழ்நாளில் முதல்முறையாக வாய் அடைத்துப்போயிற்று.

அந்த நேரம் பார்த்துக் காப்பியோடு வந்தாள் அவர் மனைவி மரகதம். தம்ளர்களை மேசையில் வைத்துவிட்டுக் கணவரை ஒருமுறை பார்த்தாள். அவள் முகம் சிவந்துவிட்டது.

"அவரு மொதல்ல செவுத்தப் பாத்துத்தான் பேசுனாருங்க. மனுச மூஞ்சியப் பாத்தா பயம். அடுப்படிச் செவுத்துக்கு முன்னால நின்னு தெனமும் பேசுவாரு. அப்பறம் கதவுக்கு அந்தப் பக்கம் ஆள உக்கார வெச்சுப் பேசுனாரு. சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்னு மனசு வர்றதுக்கு ரொம்ப நாளாச்சு. நான் கூடவே இருந்து பாத்தனுங்க."

வந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். நித்திலா கேமராவைத் தூக்கினாள். அதன் வழியே அவளுக்குத் தெரிந்தது மரகதத்தின் கை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தது. நித்திலா படம் எடுக்கவில்லை. உடம்பே கூசிப்போய்க் கேமராவைக் கீழே இறக்கிவிட்டாள்.

இதுதான் வழக்கு. சென்னியப்பன் மனைவி பட்ட அவமானத்தைத் தன்னுடையதாகச் சொன்னார். துளைத்துத் துளைத்துக் கேட்ட பிறகுதான் சொன்னார். மரகதம் நம்பி வந்தவளிடம் பொய் சொன்னாள்; அந்தப் பொய்யில்தான் வந்தவளுக்கு ஒரு வழி கிடைத்தது. நித்திலா எழுதியதையோ, சென்னியப்பனே படித்துச் சரி என்று சொல்லிவிட்டார். இந்த மூவரில் அதிகம் வெட்கப்பட வேண்டியவர் யார்?

விடை: முகம் சிவந்தது மரகதத்துக்கு. ஆனால் அவள் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேரைத்தான் மாற்றிச் சொன்னாள், சொன்ன வழி அவளே நடந்து வந்த வழி. சென்னியப்பன் தலைகுனிய வேண்டியவர்தான். ஆனாலும் அவர் வாயிலிருந்து உண்மை ஒருமுறை நழுவி விழுந்தது. அதைக் கண்டும் காணாததுபோல் மூடி, மேலே வேட்டியும் கட்டிவிட்டவள் நித்திலாதான். வெட்கத்தில் பெரும்பங்கு அவளுக்கே. அதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண் போனதும் நித்திலா நேராக அடுப்படிக்குப் போனாள். "அன்னைக்கு நீங்க என்ன சேலை கட்டியிருந்தீங்க அக்கா?" என்று கேட்டாள். மரகதம் தம்ளர் கழுவுவதை நிறுத்தினாள். "மாம்பழக் கலரு, அம்மிணி. அதுக்கப்பறம் அதைக் கட்டவேயில்ல" என்றாள்.