உலகம்மாள் கட்டிய செவ்வந்தி மாலை

பூக்கடைத் தெருவில் அழுகிய பூக்களைக் கூட்டி அள்ளுவது உலகம்மாளுக்குப் பிழைப்பு. விடிந்ததும் குளித்து, எச்சில் தெறிக்காமலிருக்க வாயில் துணி கட்டிக்கொண்டு, முப்பிடாதி அம்மனுக்குச் செவ்வந்தி மாலை தொடுப்பதுதான் அவருக்கு உயிர். அது அம்மன் கழுத்தில் ஏறுவதைப் பார்த்தால் போதும். வேறெதுவும் அவர் கேட்டதில்லை.

ஆனி மாதத்தில் அவர் கைகளில் தடிப்பு கிளம்பியது. கழுத்துக்கு ஏறி, முகம் வீங்கி, கண் மூடிக்கொண்டது. அம்மன் வந்திருக்கிறாள் என்றது தெரு. வேப்பிலையில் கிடத்தி மஞ்சள் பூசினார்கள். மருந்து கூடவே கூடாது என்றார்கள். அரித்தது அவர்களுக்கல்லவே. உலகம்மாளோ, "வந்தவ இருந்துட்டுப் போகட்டும்" என்று சிரித்தபடி படுத்திருந்தார்.

தடுப்பூசி போடத் தெருவுக்கு வந்த செவிலியர் ஜெசிந்தா அவரைப் பார்த்தார். மூச்சு முட்டுகிறதா, நாக்கு தடித்திருக்கிறதா, தினமும் என்ன பூ தொடுப்பீர்கள் என்று விசாரித்தார். காய்ச்சல் இல்லை, கொப்புளம் இல்லை. இது அம்மையே இல்லை, செவ்வந்தி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் மருத்துவரிடம் காட்டி, சிட்ரிசின் மாத்திரை வாங்கித் தந்தார். தூக்கம் வரும், படுக்கும்போது போடுங்கள் என்றார். அரித்தால் சொறியாமல் ஈரத்துணியால் ஒற்றச் சொன்னார். செவ்வந்தியைத் தொடாதீர்கள் என்றார்.

"தொடாம எப்படி சிஸ்டர்?"

ஜெசிந்தா தம் பையைத் திறந்தார். "அப்போ கையுறை தாரேன், போட்டுக் கட்டுங்க. துணியால மூக்கையும் சேத்து மூடுங்க."

தடிப்பு வடிந்தது. ஆனால் கோயில் தர்மகர்த்தாவும் சாமியாடியுமான கொம்பையா மாலையை வாங்க மறுத்தார். அம்மன் இறங்கிய உடம்பில் மருந்தை ஏற்றியது ஒரு குற்றமாம். ரப்பர் கையால் பூவைத் தொட்டது அதைவிடப் பெரிய குற்றமாம்.

"சாமிக்கு மாலை கட்டுதியா, ஆபரேசன் பண்ணுதியா?"

கூட்டம் சிரித்தது. உலகம்மாள் மாலை கட்டுவதை விடவில்லை. கோயில் வாசலில் நின்ற வேம்பின் கிளையில் அதைப் போட்டுவிட்டு, தினமும் வெளியிலிருந்தே கும்பிட்டுப் போனார்.

ஆடிக் கொடைத் திருவிழா வந்தது. நடுப்பகலில் மேளம் உச்சத்துக்குப் போக, கொம்பையாவின் மேல் அம்மன் இறங்கினாள். நீட்டிய ரோஜா மாலையைத் தட்டிவிட்டாள். வாசலுக்கு ஓடிவந்தாள். வேப்பங்கிளையில் கிடந்த செவ்வந்தி மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வெளியே கும்பிட்டு நின்ற உலகம்மாள் முன்னால் வந்து நின்றாள். கேலி பேசிய அதே வாயால் சொன்னாள்.

"மஞ்சளும் நாந்தாம்ட்டீ, மாத்திரையும் நாந்தான். உள்ள வா."

கழற்ற மறந்த கையுறைகளோடே கும்பிட்டபடி உலகம்மாள் உள்ளே போனார்.

மறுநாள் கொம்பையா, தாம் சொன்னது எதுவும் நினைவில்லை என்றார். ஊருக்கு நினைவிருந்தது. அன்று முதல் செவ்வந்தி மாலை வேம்பில் தொங்கவில்லை, அம்மன் கழுத்தில் ஏறியது. அம்மனே கேட்டு வாங்கிய பூவைத் தொடுத்த அந்தக் கைகளுக்கு நம் கும்பிடு.