வரிசையில் நிற்கும் கல்

பொள்ளாச்சி நகரில் வாழ்பவரும், காலஞ்சென்ற சுப்பண்ணனின் மூத்த மகனும், தண்ணீர்ப் பம்பு செய்யும் ஆலையொன்றில் முப்பத்துநான்கு ஆண்டுகள் தரப் பரிசோதகராயிருந்து ஓய்வு பெற்றவருமான திருவாளர் சு. நாச்சிமுத்து அவர்களுக்கு, இது நிகழ்ந்த காலத்தில் அகவை அறுபத்தாறு நிறைந்து அறுபத்தேழு நடந்துகொண்டிருந்தது. அவர் சரியென்று முத்திரையிட்டு அனுப்பிய பம்பு ஒன்றுகூட ஆலைக்குத் திரும்பி வந்ததில்லை. இதை அவரே சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

அவருடைய ஆசானுக்கு வயது முப்பத்தைந்து. பெயர் ஜமீலா. கடைவீதியில் பிளெக்ஸ் பேனர் கடை நடத்துபவர். காதுகுத்து வாழ்த்தையும் கண்ணீர் அஞ்சலியையும் ஒரே கணினியில், ஒரே முகத்துடன் வடிப்பவர்.

ஞாயிறுதோறும் அக்கடையில் நாச்சிமுத்துவோடு சேர்த்து ஆறு பேர் கூடுவார்கள். புகைப்படங்களை வெட்டியும் ஒட்டியும், உலகில் இல்லாத கருவிகளுக்குப் படம் செய்து காட்டுவார்கள், பார்த்துச் சிரிப்பார்கள். சிறந்த படம் ஒரு வாரம் கடை வாசலில் தொங்கும். எந்தப் படமானாலும் அதைப் பற்றி முதலில் கருத்துச் சொல்லுகிற உரிமை ஜமீலாவுடையது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் முதற்சொல்.

அந்த உரிமையை அறுவரில் ஒருவருக்குத் தரப்போவதாக ஜமீலா அறிவித்திருந்தார். நாச்சிமுத்து அதை விரும்பினார். அவர் ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த எட்டு ஆண்டுகளில் ஒருவரும் ஒரு பொருளைக் கொண்டுவந்து அவர்முன் வைத்து, "இது சரியாக இருக்கிறதா?" என்று கேட்கவில்லை.

அந்த ஞாயிறன்று மேகலா ஒரு படம் கொண்டுவந்தாள். அவள் பக்கத்து மருந்துக் கடையில் வேலை செய்பவள். படத்தில் ரேஷன் கடை வரிசை. வரிசையில் ஒரு கருங்கல். கல்லுக்கு அடியில் நான்கு ரப்பர் சக்கரம், நெற்றியில் சிறு திரை, தலையில் மடித்த பை. நமக்காக வரிசையில் நின்று, தானே நகர்ந்து முன்னேறும் கல். வெயிலில் அதன் நிழல் மட்டும், இடுப்பில் கைவைத்துச் சலித்து நிற்கும் ஒரு பெண்ணின் நிழலாக விழுந்திருந்தது.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. ஜமீலா முதற்சொல் சொல்லுமுன்பே குறிப்பேட்டைத் திறந்தார்.

"பதினோரு பிழை இருக்குது அம்மணி. சக்கரம் தரையில படியல. திரையில வெளிச்சம் வடக்கிருந்து வருது, வெயிலோ மேற்கிருந்து வருது. அப்புறம் நிழல். கல்லோட நிழல் கல்லாட்டந்தானே இருக்கோணும்?"

"அது வந்துங்க..." என்றாள் மேகலா.

"வெயிலுக்குப் பொய் தெரியாது அம்மணி."

மேகலா ஜமீலாவைப் பார்த்தாள். ஜமீலா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மேகலா அங்கேயே அமர்ந்து பதினொன்றையும் திருத்தினாள். படம் அப்பழுக்கில்லாமல் வந்தது. மற்ற ஐவரும் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

நாச்சிமுத்து ஆசானிடம் கேட்டார்: "வாத்தியாரம்மா, பதினொண்ணும் சரியாயிருச்சு. அப்புறம் ஏன் சிரிப்பு வரல?"

ஜமீலா எழுந்தார். திருத்திய படத்தை ஆறடிக்கு நான்கடி பிளெக்ஸில் அச்சிட்டு வாசலில் கட்டினார்.

திங்கள் முதல் நாச்சிமுத்து நாள்தோறும் வந்தார். எதிர்ப்புறம் நின்று படத்தைப் பார்த்தார். தாம் தேர்ச்சி கொடுத்த பொருள் வெயிலில் நிற்பதைக் காண அவருக்கு மார்பு விரிந்தது.

வெள்ளியன்று ஒரு மூதாட்டி, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறி வந்தார். பெயர் மாராத்தாள்.

"அம்மணி, வெளிய தொங்குதே, அந்தக் கல்லு. எனக்கொண்ணு வேணும்."

கடைக்குள் இருந்த நாச்சிமுத்து நிமிர்ந்தார்.

"முட்டி ரண்டும் போச்சு. வரிசையில அரை மணி நேரங்கூட நிக்க முடியல. நாளைக்குச் சக்கரை, பாமாயில் போடறாங்க. இன்னிக்கே குடுத்தீன்னா புண்ணியமாப் போகும்."

ஜமீலா எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார். "அதைப் பரிசோதிச்சு அனுப்புனவரு இவருதானுங்க. இவருகிட்டயே கேளுங்க."

நாச்சிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார். "அக்கா, அது வெறும் படமுங்க. அப்படியொரு கல்லே கிடையாதுங்க."

"கிடையாதா? நேத்தும் வந்து உத்துப் பாத்துட்டுப் போனனே. எங்கயும் பொய்யே தெரியலியே தம்பி!"

இதைவிட உயர்ந்த சான்றிதழை எவரும் அவருக்குத் தந்ததில்லை. ஆயினும் அதை வாங்கிக்கொள்ள அவருக்குக் கை எழவில்லை.

ஜமீலா குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஏனுங்க ஐயா, உங்க சரக்கு ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லைன்னு சொல்லுவீங்க. இது வந்திருக்குது."

 நாச்சிமுத்து மாராத்தாள் பக்கம் திரும்பினார்:

"காலையில எத்தன மணிக்கு அக்கா வரிசை கட்டுவாங்க?"

மறுநாள் ஏழு மணிக்கே அவர் ரேஷன் கடை வரிசையில் நின்றார். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் மாராத்தாளின் பை. மாராத்தாள் எதிரேயிருந்த மாவு மில் படியில் நிழலாக அமர்ந்திருந்தார். ஒன்பது மணிக்குமேல் வெயில் ஏறியது. மூன்று பேர் குறுக்கே புகப் பார்த்தார்கள். மூவரையும் அதட்டித் திருப்பினார். மூன்றாமவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பெருசு, இவ்வளவு பேசறீங்களே, கார்டு உங்களுதா?"

"இல்ல."

"அப்புறம் நீங்க யாரு?"

"நான் கல்லு."

வரிசை முழுதும் சிரித்தது. கேட்டவனும் சிரித்துவிட்டான். நாச்சிமுத்துவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இடத்தை விட்டு ஓர் அங்குலம் அசையவில்லை. பதினொன்றரை மணிக்கு முறை வந்தது. மாராத்தாளைக் கைபிடித்து அழைத்துவந்து, கருவியில் விரல் பதிக்கச் செய்து, சர்க்கரையும் எண்ணெயுமாக வீடு சேர்த்தார்.

பிற்பகலில் அவர் கடைவீதிக்கு வந்தபோது வெயிலில் முகம் கறுத்திருந்தது. நடை மட்டும் தளரவில்லை. நேரே மருந்துக் கடைக்குப் போய் மேகலாவை ஜமீலாவின் கடைக்கு அழைத்துவந்தார்.

"அம்மணி, உன்ற கல்லுல ஒரு குறை இருக்குது."

"இன்னுமாங்க?" என்றாள் மேகலா சலிப்போடு.

"அதுக்கு வாயில்ல. குறுக்க புகுந்தா அது என்ன பண்ணும்? அதட்டறதுக்கு ஒரு ஸ்பீக்கர் வைய்யி. 'ஏனுங்க, நாங்கெல்லாம் மனுசங்களாத் தெரியலீங்களா?'ன்னு அது கேக்கோணும்."

மேகலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்புறம், அந்தப் பழைய நிழலத் திரும்பப் போட்டுரு. அதுல பிழையில்ல. பத்து மணிக்குமேல இடுப்பு அப்படித்தான் போகுது."

அவள் கணினிமுன் அமர்ந்தாள். அரைமணி நேரத்தில் நிழல் திரும்ப வந்தது. கல்லுக்கு வாயும் வந்தது. வாசலில் கட்டியிருந்த பிளெக்ஸை ஜமீலா அவிழ்த்து உள்ளே போட்டார்.

பிறகு திரையில் வேறொரு படத்தைத் திறந்தார். கூட்டத்தில் இன்னொருவர் அனுப்பியது. சீவாத இளநீர் ஒன்று. அதன் பக்கவாட்டில் சிறு திரை. உள்ளே இன்னும் எழுபத்திரண்டு சதவீதம் தண்ணீர் இருப்பதாக அது காட்டியது.

"சொல்லுங்க ஐயா. இனி முதற்சொல் உங்களுது."

நாச்சிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, பம்புகளின் முன்னே முப்பத்துநான்கு ஆண்டுகள் நின்றதைப் போலவே நின்றார்.

"அந்த ஏழு, நூலளவு சாஞ்சு..."

"அது இருக்கட்டுமுங்க. கல்லுக்குப் பதிலா நின்னு பாத்தீங்க. இதை எத்தன நாள் வச்சுப் பொழங்கிப் பாத்தீங்க?" என்று கேட்டார் ஜமீலா.

 நாச்சிமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த இளநீருக்கு எதிரே அமர்ந்தார்.

இது தீர்ந்தது, குரோதி ஆண்டு வைகாசித் திங்கள் இருபத்தாறாம் நாள், சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணிக்கு.