வெட்டாத காட்டுக்கு விலை

"ஒழுங்காக இருப்பவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அதனால்..." என்று தொடங்கி ஏதோ சொல்வார் எங்கள் பெரிய மாமா, கல்யாணப் பந்தியில் மோருக்குக் காத்திருக்கும்போது. அந்த 'அதனால்' என்பதற்குப் பிறகு வந்தது எனக்கு மறந்தே போயிற்று. அதைத் தொடர்ந்து அவர் சொன்ன கதை மட்டும் மறக்கவில்லை.

மேற்கு மலைநாட்டை உதியவேள் என்றொரு மன்னர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். பொன்னால் ஓர் ஊஞ்சல் செய்து அதில் ஆட வேண்டும் என்ற ஆசை மட்டும் அவரைத் தூங்கவிடவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கடற்கரையிலிருந்து சூளைநாட்டுத் தூதர் வச்சணந்தி வந்து சேர்ந்தார். அவர் நாட்டில் செங்கல் சூளை, சுண்ணாம்புச் சூளை, இரும்பு உலை எல்லாம் ஓயாமல் எரியும். அந்தப் புகையில் காக்கை எது, கொக்கு எது என்று தெரியாது.

"எங்கள் புகையைக் குடிக்கக் காடு வேண்டும், மன்னா. உங்கள் காட்டை வெட்டாமல் வையுங்கள். பொன் தருகிறோம்."

மன்னர் துள்ளி எழுந்தார். "எங்கள் தென்மலைக் காட்டைப் பாருங்கள்! பாட்டனார் காலத்திலிருந்து ஒரு மரம் விழுந்ததில்லை!"

தூதர் முகம் சுருங்கியது. "அப்படியானால் பொன் இல்லை. தானாகவே பத்திரமாக இருக்கும் காட்டுக்கு நாங்கள் எதற்குக் கொடுக்க வேண்டும்? வெட்டு விழ இருந்த காடாக இருக்க வேண்டும். அதைக் காப்பாற்றியவருக்குத்தான் பொன். அது எங்கள் விதி."

"இவ்வளவுதானே?" என்றார் அமைச்சர் சேனாதிராயர். "தென்மலையில் பாதியை வெட்டிவிடுவோம். மீதிக்கு ஆபத்து வந்துவிடும். பொன்னும் வந்துவிடும்."

அமைச்சரின் மைத்துனர் மரக்கிடங்கு வைத்திருந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்த நாட்டில் மரம் வெட்டுவதற்கென்றே ஒரு பச்சைக்கல் மோதிரம் உண்டு. மன்னர் அதைக் கழற்றிக் கொடுத்தால்தான் கோடாலிக்காரர்கள் கோடாலியைத் தூக்குவார்கள். மன்னர் மோதிரத்தைத் திருகத் தொடங்கினார். அது விரல் கணு வரை வந்துவிட்டது.

"சாமி!"

சபைக்குத் தேன் கொண்டுவந்திருந்த மாதி குடத்தை இறக்கி வைத்தாள். தென்மலைக்காரர்களுக்கு அவள்தான் தலைவி.

"எங்க காட்டெல்லையில கத்திப்பாறைன்னு ஒண்ணு இருக்கு சாமி. தேனெடுக்கப் போனாலும் சரி, கிழங்கு தோண்டப் போனாலும் சரி, வெட்டுற சாமான அதுமேல வெச்சுட்டுத்தான் உள்ள போவோம். எங்க மருமகன் பாக்குவெட்டியக்கூட வெச்சுட்டுத்தான் போறாரு. இப்படிக் காத்ததுக்கா பாதிய வெட்டுறீங்க?"

"காத்ததுதான் தப்பாகிவிட்டது, அம்மா," என்றார் அமைச்சர்.

மன்னருக்கு மனது உறுத்தியது. ஊஞ்சலும் கண்முன் ஆடியது. சபையின் விகடகவி பிச்சாண்டியைப் பார்த்தார்.

"பிச்சாண்டி, நாளை உச்சிவேளைக்குள் ஒரு மரமும் விழாமல் இந்தத் தூதரிடம் பொன் வாங்கிக் காட்டு. முடியாவிட்டால் மோதிரம் சேனாதிராயருக்கு. முதல் கோடாலி உன் கையில்."

"ஆகட்டும், மன்னா. அரண்மனை ஆட்களோடு மட்டும் கொஞ்சம் பேச அனுமதி கொடுங்கள்."

மறுநாள் காலை மன்னர் குளிக்க உட்கார்ந்தார். வெந்நீர் ஊற்றுபவன் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"கொதிக்கக் கொதிக்க ஊற்றலாமென்று இருக்கிறேன், மன்னா. ஊற்றாமலிருந்தால் என்ன தருவீர்கள்?"

மன்னர் எண்ணெய்த் தலையோடு ஓடினார். வழியில் சமையற்காரர். "பாயசத்தில் உப்பைக் கொட்ட இருந்தேன். மனதை மாற்றிக்கொண்டேன். பரிசு உண்டா?"

முற்றத்தில் யானைப்பாகன். "பட்டத்து யானையை மடைப்பள்ளிக்குள் விடப்போகிறேன், மன்னா. சீக்கிரம் ஒரு விலை சொல்லுங்கள். கரும்பு வாசனை அதற்கு எட்டிவிட்டது."

சபையில் கஜானாக் காவலர், மீசை நரைத்த பெரியவர், தேம்பிக்கொண்டிருந்தார். "இத்தனை காலம் திருடாமலே வீணாக்கிவிட்டேன், மன்னா. இன்றிலிருந்து திருடுவதாக உத்தேசம்."

"பிச்சாண்டீ!"

"இதோ, மன்னா."

"உன் வேலையா இது?"

"தூதரின் விதிதான், மன்னா. அரண்மனையில் ஒரு வேளை நடத்திப் பார்த்தேன். அருமையாக நடக்கிறது."

சபை கொல்லென்று சிரித்தது. தூதர் மட்டும் சிரிக்கவில்லை. "வேடிக்கை சரி. ஆபத்தில்லாத காட்டுக்குப் பொன் கிடையாது."

"ஆபத்து இல்லையென்று யார் சொன்னது?" பிச்சாண்டி மன்னரின் விரலைக் காட்டினார். "நேற்று அந்த மோதிரம் கணு வரை வந்ததை நீங்களே பார்த்தீர்கள். இதைவிடக் கிட்டே எந்தக் கோடாலி வரும்?"

தூதர் தாடியைத் தடவினார். "அதுவும் உண்மைதான். ஆபத்து இருக்கிறது. பொன் தரலாம்."

மன்னர் கைதட்டினார். "அப்படியென்றால் நான் மோதிரத்தைக் கழற்றாமல் இருந்தால் பொன் எனக்கு!"

"தாராளமாக. அதற்குமுன் பாயசத்தில் உப்பைக் கொட்டாதவருக்குக் கொடுத்துவிடுங்கள், மன்னா."

சமையற்காரர் கையை நீட்டினார்.

"பின்னே பொன் யாருக்கடா?"

"ஆபத்தாக வந்தவர் நீங்கள். காத்தவர், நேற்று தேன்குடம் கொண்டுவந்தவர், அதோ நிற்கிறார். இரண்டு வேஷத்தையும் ஒருவரே கட்டினால் கூத்து எப்படி நடக்கும்?"

மன்னர் ஒரு கணம் விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சேனாதிராயர் சிரிப்பதுபோல் பல்லைக் காட்டினார். தூதர் பொன்மூட்டையை மாதியின் முன் வைத்தார்.

"ஐயா," என்று பிச்சாண்டி அவரைக் கேட்டார், "இத்தனை பொன் கொடுப்பதற்கு, ஒரு சூளையையாவது அணைக்கலாமே?"

"அதைப் பற்றிப் பேச எனக்கு உத்தரவில்லை," என்றார் தூதர்.

மாதி மூட்டையைத் தொடவில்லை. மன்னரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரி சாமி. மோதிரம் இன்னும் உங்க விரல்லதானே இருக்கு? அடுத்த வருசம் ஊஞ்சல் ஆசை திரும்ப வந்தா?"

பிச்சாண்டி கூரையைப் பார்த்தார்.

அன்று மாலை மன்னர் தென்மலைக்குப் போனார். கத்திப்பாறையின் மேல், அரிவாள்களுக்கும் ஒரு பாக்குவெட்டிக்கும் நடுவில், பச்சைக்கல் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் காட்டுக்குள் நுழைந்தார். திரும்பும்போது அதை எடுத்துக்கொள்ளவில்லை.