பதினோரு பேரைத் தின்ற சிங்கம்

தெய்வசிகாமணி முன்பு தையல்காரர். நாற்பது வயதில் கடையை மூடிவிட்டு, அருங்காட்சியகத்தில் செத்த விலங்குகளின் தோலுக்குள் நார் திணித்துப் பாடம் செய்யும் இஸ்மாயில் வாத்தியாரிடம் சீடராகச் சேர்ந்தார். வாத்தியாருக்கு அவரைவிட மூன்று வயது குறைவு. அதைப் பற்றி இருவருமே கவலைப்படவில்லை.

முதல் வேலையே சிங்கம். ஆப்பிரிக்காவில் ரயில் பாதை போடப் போனவர்களில் பதினோரு பேரைத் தின்ற சிங்கம். சுட்டவர் வீட்டில் ஐம்பது வருஷம் தரைவிரிப்பாகக் கிடந்து, மிதிபட்டு, ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு வந்த தோல் அது.

சட்டை இறுக்கிப் பிடித்தால் பிரித்துவிடத் தையலுக்குள் கொஞ்சம் துணி இருக்குமே, தோலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார் சீடர். யாரையும் கேட்காமல், சிங்கம் உயிரோடிருந்த அளவான ஒன்பதடிக்கே கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லிவிட்டார். தோலில் ஏது உள்துணி? தைத்து முடித்தால் சிங்கம் ஆறடிகூட இல்லை. கொழுத்த நாய் மாதிரி நின்றது.

"நாளைக்குத் திறப்பு வாத்தியாரே. ஊரே கைகொட்டிச் சிரிக்கும். என் முதல் வேலை, மானம் போயிடும். தோலை நனைச்சு இழுத்து, இன்னும் ரெண்டு மூட்டை நார் திணிக்கட்டுமா?"

"கிழியாதா?"

"கிழிஞ்சா ஒட்டுப் போட்டுடுவேன். அதுதானே நம்ம பழைய தொழில்."

"சாயங்காலம் ஒரு அம்மா பார்க்க வர்றாங்க. அவங்க பார்த்துட்டுப் போகட்டும்."

வந்தவர் செண்பகவடிவு. அறுபதை நெருங்கிய வயது. அந்தப் பதினோரு பேரில் ஒருவர் அவருடைய அப்பா. வாசல் வரை வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"வேண்டாம் ஐயா. கண்ணை மூடினாலே வருது. கூரை உசரத்துக்கு நிக்குது. நேர்ல பார்த்தா உசுரு போயிரும்."

"நான் முன்னால போறேன். நீங்க பின்னால வாங்கம்மா," என்றார் வாத்தியார்.

மேசைமேல் நின்ற சிங்கத்தைச் செண்பகவடிவு வெகுநேரம் பார்த்தார்.

"இதுவா?"

"இதேதாம்மா."

முடி உதிர்ந்த அதன் முதுகில் ஒரு விரலை வைத்தார். பிறகு உள்ளங்கையை வைத்தார்.

"எடுபட்ட மூதி, உனக்குப் பயந்தா நான் அம்பது வருஷமா சன்னலச் சாத்திட்டுப் படுத்தேன்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பிலேயே அழுதார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொம்பு தண்ணீரை முழுசாகக் குடித்தார்.

"இன்னைக்குக் காத்தாடத் தூங்கணும்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

சீடர் நார் மூட்டைகளைத் தூக்கி மூலையில் போட்டார். அவருக்கும் நெஞ்சு லேசாகியிருந்தது. ஆனாலும் ஒரு குறை பாக்கி.

"நாரைத் திணிக்கலை வாத்தியாரே. ஆனா இந்தப் பெட்டி? மூணடி காலியாக் கிடக்குமே. என் தப்பு பளிச்சுன்னு தெரியுமே."

வாத்தியார் பெட்டியைச் சுற்றி வந்தார்.

"பதினோரு பேரோட பேரை எழுத மூணடி பத்துமான்னு பார்க்கிறேன். அந்த அம்மா கேட்டைத் தாண்டியிருக்க மாட்டாங்க. ஓடிப்போய் அவங்க அப்பா பேரைக் கேட்டுட்டு வாங்க."