ஈரச் சுண்ணாம்பு வாசல்

கிரேக்கத் தீவு ஒன்றில் பந்தேலிஸ் என்று ஒரு கப்பல் முதலாளி இருந்தார். மீசை பெரிது, மனசு கடுகளவு. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எந்தப் புனிதரின் பெயரைத் தாங்கியிருக்கிறாரோ, அந்தப் புனிதரின் திருநாளில் அவர் வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும். வருகிற எல்லாருக்கும் இனிப்பும் ஒயினும் தர வேண்டும்.

தன் பெயருக்குரிய புனிதரின் திருநாளன்று காலையில் முதலாளி வேலைக்காரி அர்கிரோவைக் கூப்பிட்டார். "கதவைச் சாத்திவிட்டேன் என்று ஒருத்தனும் பேசக்கூடாது. ஒருத்தனும் உள்ளே காலெடுத்து வைக்கவும் கூடாது. தவறினால் நாளைக்கு உனக்கு இங்கே வேலையில்லை."

"ஆகட்டும் முதலாளி" என்று அர்கிரோ கதவை அகலத் திறந்தாள். வாசற்படி முழுக்கக் கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்தாள். அந்தத் தீவில் சுண்ணாம்பு காயாத படியைக் கழுதைகூட மிதிக்காது.

ஊரே திரண்டு வந்து படிக்குக் கீழே நின்றுவிட்டது. முதலாளி உள்ளே மீசையைத் தடவிக்கொண்டார். திடீரென்று தெருவில் ஒரே ஆரவாரம். எழுந்து போய்ப் பார்த்தால், அவர் தனக்கென்று வைத்திருந்த பாதாம் இனிப்பை அர்கிரோ சமையலறை ஜன்னல் வழியாகத் தட்டுத் தட்டாக நீட்டிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே ஒயின் ஜாடியும் போயிற்று.

"அடிப்பாவி, என்ன காரியம் செய்கிறாய்!"

"உள்ளே யாரும் வரக்கூடாது என்றீர்கள், வரவில்லை. வெளியே எதுவும் போகக்கூடாது என்று சொல்லவில்லையே!"

அதற்குள் ஜனங்கள் ஜன்னலில் அவரைப் பார்த்துவிட்டு, "பந்தேலிஸ் நீடூழி வாழ்க!" என்று கத்தினார்கள். முதலாளி பல்லைக் காட்டிக் கையாட்டினார்.

மறு வருஷம் அவரே முந்திக்கொண்டார். "அர்கிரோ, சுண்ணாம்பு வேண்டாம், எல்லாரும் உள்ளேயே வரட்டும், நானும் கூட உட்கார்ந்து தின்கிறேன். போன தடவை எனக்கு ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை."